கல்லின் பின்பக்கத்தில் இருந்த பதினொரு பெயர்கள்

போன மாதம் என்னுடைய அடையாள அட்டையையும் பாதுகாப்புத் தொப்பியையும் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வயதில் ‘ஓய்வு பெற்றேன்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பதினான்கு ஆண்டுகள் துளைக்கும் கருவிகளைப் பிடித்ததில் வலது கையின் மூன்று விரல்கள் குளிர் பட்டவுடன் வெள்ளையாகி மரத்துப்போகின்றன. அதிரும் கருவி எதையும் இனித் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரொறன்ரோவின் ஜனவரியில் அதைப் பற்றி வாதாட எதுவும் இல்லை.

கடைசி நாளன்று தரணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

“அக்கா, சும்மா ஸ்பிரே பெயின்ற் எண்டாலும் எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுக்கோணுமா? லைக், கழுவத்தானே போறம். ரைம் வேஸ்ற்.”

“எடுக்கோணும்.”

“வை?”

என் வான் வண்டியின் திறப்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலை, பொது இடங்களில் உள்ள சிலைகளையும் நினைவுக் கற்களையும் பராமரிப்பது. கழுவுவோம், வெண்கலத்துக்கு மெழுகு பூசுவோம், வெடிப்புகளை அடைப்போம். கடந்த சில ஆண்டுகளாக, முடிவெடுக்க வேண்டியவர்கள் முடிவெடுத்தால், இறக்கியும் கொடுப்போம்.

ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். வளர்ந்தது நகரின் கிழக்குக் கோடியில், மல்வேர்னில். கட்டடப் பொருட்களையும் அவற்றைப் பழுதுபார்ப்பதையும் பற்றி மூன்று ஆண்டுகள் கல்லூரியில் படித்தேன். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கணினி படிப்பேன் என்று நம்பியிருந்த அப்பா, வேலை கிடைத்த அன்று கேட்டார்: “மூண்டு வருசம் படிச்சது காகம் இருந்த இடம் துடைக்கவோ?” படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையை நான் ஜெயந்தி அக்காவிடம்தான் பழகினேன்.

ஜெயந்தி அக்கா எங்கள் மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்தில் கொங்கிறீற் கட்டிகளை நசுக்கிப் பார்த்து அவற்றின் பலத்தை அளக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். எந்தச் சிலையையும் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார், பட்டியல் இலக்கம்தான். ஒரு சிலையின் முன் போய் நின்றால் முதலில் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று. பாரந்தூக்கி ஓட்டும் குகன் அண்ணை தன் இருக்கையில் இருந்தபடி சத்தம் போடுவார்: “அக்கா கோயில் வீதி சுத்துறா! அர்ச்சனைத் துண்டு எடுத்தாச்சோ?” அக்கா திரும்பியும் பார்க்கமாட்டார்.

கண், கமரா, பென்சில், கை. இதுதான் அவருடைய வரிசை. பார்க்காமல் படம் எடுக்கக்கூடாது. எட்டுத் திசையிலும் படம் எடுக்காமல் குறிப்பு எழுதக்கூடாது. குறிப்பு எழுதி முடியாமல் தொடக்கூடாது. நாங்கள் எழுதும் நிலை அறிக்கையை உரக்க வாசித்து, சோடித்த அலங்காரச் சொற்களை ஒவ்வொன்றாக வெட்டுவார். முதல் மாதம் நான் ‘மிக மோசமான வெடிப்பு’ என்று எழுதியிருந்தேன்.

“மோசம் எண்டால் எத்தினை மில்லிமீற்றர்?”

“ரெண்டு, அக்கா.”

“அப்ப ரெண்டு எண்டு எழுதும். மோசமோ இல்லையோ எண்டு வாசிக்கிறவை யோசிக்கட்டும்.”

நான் முதன்முதலில் இறக்கிய சிலை, பாடசாலை ஒன்றின் முன்னால் நின்ற ஒரு பெரிய மனிதருடையது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்த காலத்தோடு அவருக்குச் சம்பந்தம் இருந்தது. வேலிக்கு ஒரு பக்கம் பாட்டுப் பாடியவர்கள், மறுபக்கம் கொடி பிடித்தவர்கள். அக்கா எங்களைக் கூப்பிட்டு இரண்டே விடயம் சொன்னார். தூக்கும் வார் கழுத்தில் போகக்கூடாது, கைகளுக்கு அடியால்தான் போகவேண்டும். வார்ப்பு கழுத்தில்தான் மெல்லியது, அது முதற் காரணம். கழுத்தில் கயிறோடு தொங்கும் படம் ஒன்று நாளைக்குப் பத்திரிகையில் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் அதுவே தீனியாகிவிடும், அது இரண்டாவது. பிறகு, மூடுவதென்றால் வெள்ளைத் துணியால் மூட வேண்டும், கறுப்புப் பிளாஸ்ரிக்கால் அல்ல. சிலை மேலே எழும்பியபோது ஒரு பக்கம் கைதட்டியது, மறுபக்கம் கூவியது. நாங்கள் ஆணிகளை எண்ணிப் பையில் போட்டு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தோம். திரும்ப வைக்கச் சொன்னாலும் வைக்கக்கூடிய மாதிரித்தான் எதையும் எடுக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி.

இப்படி ஒழுங்காகப் பழகியவள் செய்த பிழையைத்தான் சொல்ல வந்தேன்.

நகரின் பழைய பகுதியில், டிராம் போன்ற தெருக்கார் ஓடும் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு முக்கோணத் தோட்டம் இருக்கிறது. அதில் நெஞ்சளவு உயரமான கருங்கல் ஒன்று நின்றது. முன்பக்கம் வெண்கலத் தகடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றப் போராடித் தோற்ற தெற்கு மாநிலங்களின் படை அதிகாரி ஒருவர், போருக்குப் பிறகு தப்பி வந்து தங்கியிருந்த வீடு அந்த இடத்தில் இருந்ததாம். அவருக்கு இந்த நகரம் தந்த அடைக்கலத்துக்கு நன்றி என்று தகடு சொன்னது. அவருடைய ஊர்ப் பெண்கள் சங்கம் ஒன்று நெடுங்காலத்துக்கு முன் வைத்த கல்.

அதைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார்: “உவரையும் ரெண்டு வருசம் கேசுக்குக் காக்க வச்சவங்களோ, இல்லாட்டி வந்தவுடன பேப்பர் குடுத்தவங்களோ?” சிரித்தோம். அகதி வழக்குக்காகக் காத்திருந்த வீடு எங்களுடையது.

ஒரு கோடையில், தெற்கே அந்தத் தரப்பின் சிலைகளை அகற்றும் விவாதம் சூடுபிடித்திருந்த நேரம், யாரோ அந்தக் கல்லில் சிவப்பு வண்ணத்தை வீசிவிட்டார்கள். வண்ணம் காய்ந்தால் கல்லுக்குள் இறங்கிவிடும், ஆகவே அன்றைக்கே கழுவ வேண்டும். அன்று எனக்கு அது மூன்றாவது இடம். உதவிக்கு ஆள் இல்லை, மேற்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. முன்பக்கத்தைப் படம் எடுத்தேன். கல்லின் பின்பக்கம் அடர்ந்த செடிகளுக்குள் மறைந்திருந்தது. செடிகளை விலக்கிப் பார்த்தபோது அங்கே சிவப்பு இல்லை. தடித்த எழுதுகோலால், வெள்ளை எண்ணெய் வண்ணத்தில், வரிசையாகச் சில பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண்.

வண்ணத்தைக் கரைத்தெடுக்கும் கரைப்பான் களியை மழைக்கு முன் பூசினால்தான் பிடிக்கும். பூசிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் பூசினேன். கமரா ஏற்கனவே வான் வண்டிக்குள் போயிருந்தது.

களி வேலை செய்ய இருபது நிமிடம் எடுக்கும். அதற்குள் அந்தப் பெயர்களை வாசித்தேன். வரிசை எதைக் கண்டாலும் வாசித்து எண்ணுவது என் பழக்கம். மோசஸ் 41. டைனா 36. ஜூடித் 22. ஏபிராம் 17. ஹெஸ்ரர் 9. சின்ன சாம் 4. மொத்தம் பதினொன்று. ஏதோ விளையாட்டு அணி என்று நினைத்தேன். அந்த எண்கள் வயதுகள் என்றோ, நாலு வயதுக்காரன் எந்த அணியில் விளையாடுவான் என்றோ யோசிக்கவில்லை. பிறகு துடைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது எழுத்துகளின் மங்கிய நிழல் எஞ்சியிருந்தது. நிழலும் விடக்கூடாது என்று இரண்டாம் முறை பூசி உறிஞ்சி எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் எந்தக் கல்லையும் கழுவியதில்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்தக் கல்லை வைப்பதா, எடுப்பதா என்று ஆராய ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. முதற் கூட்டத்தில் லெஸ்ரர் என்ற எழுபது வயதுக் கறுப்பின மனிதர், கல்லை எடுக்கவேண்டாம் என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் ஆச்சரியம். அந்தப் படை அதிகாரியின் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்கள் அதன் பின்பக்கத்தில் இருக்கின்றன, தானே எழுதியவை, முன்பக்கத்தைப் பார்க்கிறவர்கள் பின்பக்கத்தையும் பார்க்கட்டும், செடிகளை மட்டும் வெட்டிவிடுங்கள் என்று சொன்னாராம். குழு எங்களிடம் நிலை அறிக்கை கேட்டது. பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறதா, என்ன நிலையில் இருக்கிறது என்பது கேள்விகளில் ஒன்று.

நான் போனபோது லெஸ்ரர் அங்கே காத்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. அவரே செடிகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தார். பிறகு கல்லைப் பார்த்தார். உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார்.

“கல்லை மாற்றிவிட்டார்களா?” என்று கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம், தமிழ் என்னுடையது.

“அதே கல்தான்” என்றேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்தான் பேசினார். தான் எழுதியதாகக் கூட்டத்தில் சொன்னது உண்மை இல்லை, உறவினர்கள் பதினொரு பேர் சேர்ந்து வந்து ஆளுக்கு ஒரு பெயர் எழுதினோம் என்றார். பொலிஸ் பிரச்சினை வந்தால் இளையவர்கள் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று யாரையும் படம் எடுக்க விடவில்லை. ஹெஸ்ரர்தான் அவர்களுடைய வம்சத்தின் மூதாதை. போருக்கு முன்பே, சிறுமியாக, அந்தப் பண்ணையிலிருந்து தப்பி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். பிறகு அவளை அடிமையாக வைத்திருந்தவரும் தோற்று இதே நகரத்துக்குத்தான் வந்தார். ஹெஸ்ரரின் பெயரை எழுதியது லெஸ்ரருடைய அக்கா மேபல். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபின், இடது கையால் எழுதினார். மூன்று கிழமையில் இறந்துபோனார்.

“அவள் கடைசியாக எழுதியது அதுதான்” என்றார்.

நான் எட்டுத் திசையிலும் படம் எடுத்தேன். வரிசை பிசகாமல்.

அலுவலகத்தில் ஜெயந்தி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலை மேசையில் வைத்தார்.

“படிவத்தில என்ன கேட்டிருக்கு? இப்ப எப்பிடி இருக்கு எண்டு. இப்ப எழுத்து இல்லை. அவ்வளவுதான்.”

“அப்ப அந்த மனிசன் பொய் சொன்னதா ஆகும், அக்கா.”

“முந்தி இருந்திருக்கலாம் எண்டு ஒரு வரி போடும்.”

“இருந்திருக்கலாம் இல்லை. இருந்தது. நான் வாசிச்சனான்.”

“எத்தினை பெயர்?”

“பதினொண்டு.”

அக்கா பென்சிலைத் திரும்ப எடுத்தார். “இஞ்ச ஒன்பது பேர் வேலை செய்யினம். படம் எடுக்காமல் கழுவினம் எண்டு நாங்களே எழுதிக் குடுத்தால் பேந்து ஆர் எங்களைக் கூப்பிடப் போகினம்? சொல்லும் பாப்பம்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அந்த ஞாயிறு மல்வேர்னில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த மனிசன் உன்ர முகத்தைப் பாத்து இவ்வளவும் கதைக்க, நீ வாய் திறக்கேல்லையோ?”

“இல்லை அம்மா.”

“என்ர தம்பின்ர கல்லை இடிச்சவங்கள் ஒருத்தனும் இண்டு வரைக்கும் ‘ஓம், இஞ்ச ஒரு கல் இருந்தது’ எண்டு சொல்லேல்லை. இடிச்சது ஒரு பக்கம் கிடக்கட்டும். அதைச் சொல்லாததுதான் இன்னும் ஆறேல்லை.” அம்மா கோப்பையை நீட்டினார். “இந்தா, குடி.”

போரில் இறந்த என் மாமாவின் பெயர் பொறித்த கல், அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களின் கற்களோடு, ஊரில் இராணுவத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. அதன் படம்கூட எங்களிடம் இல்லை. எனக்கு அது தெரிந்த விடயம்தான். ஆனால் அதை இடித்தவர்களின் பக்கத்தில் என்னை நிறுத்தி நான் அதுவரை யோசித்ததில்லை.

திங்கட்கிழமை அறிக்கையோடு ஒரு பக்கம் சேர்த்து அக்காவிடம் கொடுத்தேன். ‘கல்லின் பின்பக்கத்தில் வெள்ளை எண்ணெய் வண்ணத்தில் பதினொரு பெயர்களும் வயதுகளும் இருந்தன. நான் அவற்றை வாசித்தேன். படம் எடுக்கவில்லை. கரைப்பானால் அகற்றினேன். மறுநாள் எஞ்சிய நிழலையும் அகற்றினேன். நினைவில் உள்ள பெயர்கள் ஒன்பது, கீழே தரப்பட்டுள்ளன. இரண்டு நினைவில் இல்லை. மிகுந்த வருத்தத்துடன் இதைப் பதிவு செய்கிறேன்.’

அக்கா உரக்க வாசித்தார். கடைசி வரியை வெட்டினார். “வருத்தத்தை அந்தாளிட்ட நேர சொல்லும். இது அறிக்கை” என்றார். பிறகு மேற்பார்வையாளருக்குரிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் லெஸ்ரரைத் தொலைபேசியில் அழைத்தேன். கழுவியது நான்தான் என்றேன்.

“அன்றைக்கு என் பக்கத்தில் நின்றீர்கள்” என்றார். “அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம். மன்னியுங்கள்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரண்டாவது கூட்டம். அந்தப் பகுதியில் வசிக்கும் ஒருவர், பிடிக்காத வரலாற்றையெல்லாம் கழற்றத் தொடங்கினால் ஊரில் எதுவும் மிஞ்சாது என்றார். ஒரு மாணவி, அந்தக் கல்லின் முன்னால் நடந்துதான் தினமும் வகுப்புக்குப் போகிறேன், அது யாருக்கு நன்றி சொல்கிறது என்று தெரிந்தபின் நடக்க முடியவில்லை என்றாள். இரண்டு பேர் சொன்னதையும் நான் குறித்துக்கொண்டேன். இரண்டையும் என்னால் தள்ள முடியவில்லை, இன்றும்கூட. பிறகு என்னை அழைத்தார்கள். சேர்த்த பக்கத்தை வாசித்தேன். ஒன்பது பெயரையும் வயதோடு வாசித்தேன். லெஸ்ரர் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

குழுவில் ஒருவர் கேட்டார்: “இந்தப் பெயர்களை எழுதியது ஒரே ஆளா? கையெழுத்து ஒன்றாகத் தெரிந்ததா?”

லெஸ்ரர் நிமிர்ந்தார். பதினொரு பெயரும் பதினொரு கையெழுத்து. அதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் அதைச் சொன்னால், அவர் யாரை மறைத்துவைத்தாரோ அந்த மற்றவர்களையும் தேடத் தொடங்குவார்கள். என் பிழையைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவர்களைக் காட்டிக்கொடுக்க இல்லை.

“கையெழுத்தை ஆராய்வது என் தகுதிக்கு வெளியே” என்றேன். பின்னால் இருந்த ஜெயந்தி அக்கா லேசாகச் செருமினார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

குழு அன்றே முடிவு சொன்னது. கல்லை எடுத்துக் களஞ்சியத்தில் வைப்பது, என் அறிக்கையை அதனுடைய ஆவணத்தோடு சேர்ப்பது. லெஸ்ரர் கேட்டது கிடைக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கும்போது, பின்பக்கத்தைப் பாருங்கள் என்று அவர் எப்படிக் கேட்பார்? எங்கள் நிறுவனத்துக்கு ஓராண்டு கழுவும் வேலைகள் தரப்படவில்லை. குகன் அண்ணை வேறிடத்தில் வேலை தேட வேண்டி வந்தது. “பிள்ளை, அடுத்த முறை உண்மை சொல்ல முதல் ஒரு ஃபோன் கோல் அடி. நான் முதலே இடம் பாத்து வச்சிடுவன்” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

கூட்டம் கலைந்தபோது லெஸ்ரர் நடைகூடத்தில் என்னிடம் வந்தார்.

“பதினொரு கை என்று உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்படியானால் எழுத்துகளைக் கவனித்திருக்கிறீர்கள். ஹெஸ்ரரின் பெயர் எப்படி இருந்தது?”

எனக்கு வரையத் தெரியும், கல்லூரியில் அதற்காகவே ஓர் ஆண்டு செலவழித்தவள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி, சுவரில் வைத்து, நினைவில் இருந்ததைக் கீறினேன். மற்றவற்றைவிடப் பெரிய எழுத்துகள், இடப் பக்கம் சாய்ந்தவை. முதல் எழுத்தான ஆங்கில H-இன் வலது கால் குட்டை. நடுக்கோடு இடது காலில் தொடங்கி, வலது காலைத் தொடாமல் பாதியில் நின்றது. ஒன்பது என்ற எண் மட்டும் நேராக நின்றது.

அவர் தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“இந்தக் கோடு நிச்சயமாக இங்கேதான் நின்றதா?”

“ஓம். தொடவில்லை.”

“அந்த இடத்தில்தான் அவளுக்குக் கை களைத்தது. நான் பிடித்து எழுதிவிடுகிறேன் என்றேன். தள்ளிப் போ என்று திட்டினாள்.”

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, முகத்தை யன்னல் பக்கம் வைத்திருந்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார். கீழே பெயரையும் திகதியையும் போட்டுத் தரச் சொன்னார்.

பதினான்கு ஆண்டுகளில் எத்தனையோ படிவங்களில் கையெழுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ‘அகற்றியவர்’ என்ற சொல்லுக்கு எதிரே. அந்தத் தாளில் எந்தச் சொல்லும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. ‘பார்த்தவர்’ என்று நானே எழுதி, அதற்கு எதிரே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.